டிரம்மில் ஓடும், ஆற்றில் நிற்கும்

படகில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் சரியாக ஓடவில்லை என்று என் பட்டறைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் மோட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள். மச்சான் என்ன சொன்னார், செல்போன் வீடியோவில் ஒருவன் எதைக் கழற்றிக் காட்டினான், போன வருடம் இதே மோட்டார் எப்படிப் பறந்தது. நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம் வந்தது என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பார்கள். முப்பது வருடமாக இந்தக் கூட்டத்தோடுதான் என் பிழைப்பு. இதை எழுதச் சொன்னவர் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறார். "பசங்களுக்கு உபயோகமா உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்றார். உபயோகமாக இருக்குமா என்று தெரியாது. கோபமாக இருக்கும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் என் பட்டறை. இரண்டு பக்கமும் வயல். முதல் பத்து வருடம் பம்புசெட் இஞ்சினும் பவர் டில்லரும்தான் பார்த்தேன். பிறகு முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலை ஒட்டிய காயலில், ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றின் பின்னால் மாட்டுகிற மோட்டார்களைப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் கிடந்து வேலை கற்றுக்கொண்டு வந்தேன். இங்கே எனக்குப் போட்டி கிடையாது. போட்டியில்லாதவனுக்கு வாய் நீளும், எனக்கும் நீண்டது.

என்ன மாதிரி ஆட்களிடம் மாட்டிக்கொண்டேன் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சென்னையில் பெரிய வேலையில் இருப்பவர், ஊரில் தாத்தா காலத்து நிலம். விருந்தாளிகளை ஆற்றில் சுற்றிக் காட்ட ஒரு மோட்டார் வாங்கி, பத்து மாதம் நெல் மூட்டைகளுக்கு நடுவில் போட்டுவிட்டார். பொங்கலுக்கு வந்து கயிற்றை இழுத்தால் ஓடவில்லை. மேல்மூடியைத் திறந்தேன். எலி குடும்பத்தோடு இருந்தது. "வாரண்டில வருமா?" என்று கேட்டார். எலி பிடிக்கிறவரிடம் கேட்கச் சொன்னேன்.

இப்போது கமால் பாய் விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஆயுத பூஜைக்கு வந்த மோட்டார்

கமால் பாய் பதினாறு வருடம் வளைகுடாவில் ட்ரெய்லர் லாரி ஓட்டியவர். போதும் என்று ஊருக்கு வந்து, ஒரு ஃபைபர் படகும் கைமாறி வந்த ஒரு சின்ன மோட்டாரும் வாங்கினார். லகூனில் இறாலும் நண்டும் பிடித்துக் கரையிலேயே வியாபாரிக்குப் போடுவது அவர் திட்டம். படகில் உதவிக்கு ஓர் ஆள். திட்டத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏசி போட்ட லாரியில் உட்கார்ந்து ஓட்டியவருக்கு முழங்கால் சேற்றில் என்ன வேலை என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் பக்கத்து டீக்கடையில் சொல்லவும் செய்தேன்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது மோட்டாரை ஃபுல் சர்வீஸுக்கு விட்டார். மோட்டார், ஹோஸ், டேங்க் எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கின. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மோட்டாருக்குப் பெட்ரோல் டேங்க் தனி. படகின் தரையில் வைக்கிற சிவப்பு பிளாஸ்டிக் டேங்க். அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் மோட்டாருக்குப் போகும். ஹோஸின் நடுவில் கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு ரப்பர் பல்பு இருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அதை நாலு தடவை அமுக்கினால் பெட்ரோல் மேலே ஏறும். இந்த விஷயத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிளக் மாற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். கூலிங் தண்ணீரை ஏற்றுகிற இம்பெல்லர் புதிது போட்டேன். கியர் ஆயில் மாற்றினேன். என் வேலையில் குறை சொல்ல எவனாலும் முடியாது. இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று உள்ளே இருக்கிற எதையும் விடமாட்டேன். யாருடையது, அவர் சாமி கும்பிடுகிறவரா தொழுகிறவரா என்ற பேச்சே கிடையாது. வெல்டிங் செட், பவர் டில்லர், ஸ்பேனர் பெட்டி, ரிப்பேருக்கு வந்த மோட்டார்கள், அவற்றோடு வந்த சாமான்கள் எல்லாவற்றையும் துடைத்து, என் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் பக்கத்தில் இதைப் பாராட்டிப் பேசாத ஆள் இல்லை.

மறுநாள் கமால் பாய் வந்தார். பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மோட்டாரைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாத்துக்கும் வச்சிருக்கீங்க போல."

"நம்ம கடையில எல்லாம் ஒண்ணுதான் பாய்."

மோட்டாரை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் போகாமல் நின்றார். "என் பழைய கம்பெனிக்காரன் மறுபடியும் விசா அனுப்பியிருக்காண்ணே. டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கு. இது நல்லா ஓடுச்சின்னா அதைக் கிழிச்சுப் போட்டுடுவேன். ஓடலன்னா ஏற வேண்டியதுதான். இன்னும் பொண்ணு படிப்பு இருக்கு, சும்மா உக்கார முடியாது."

"நான் கைவச்ச மோட்டார் ஓடாம எங்க போகும் பாய். கிழிச்சுப் போடுங்க" என்றேன்.

2. மூன்று தடவை

ஐந்தாம் நாள் மோட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். டேங்க் படகிலேயே இருந்தது. பெட்ரோல் நிறைந்த டேங்கை யார் சுமந்துகொண்டு வருவார்கள்?

"பத்து நிமிஷம் நல்லா ஓடுதுண்ணே. அப்புறம் மூச்சு வாங்குது. முறுக்கினா சத்தம் ஏறாம எறங்குது. அப்படியே ஆஃப் ஆயிடுது. கொஞ்ச நேரம் வுட்டு இழுத்தா மறுபடி எடுக்குது. அந்த பல்பு வந்து..."

"பல்பெல்லாம் இருக்கட்டும் பாய். மோட்டாரை இப்படி இறக்குங்க."

பட்டறையின் பின்பக்கம் ஆயில் டிரம் ஒன்றை மேலே வெட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டினேன். என்னிடம் பட்டறைக்கென்று ஒரு டேங்க் உண்டு, ஹோஸோடு. அதைச் சொருகிக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கூலிங் தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பின்னால் பீய்ச்சியது. அரை மணி நேரம் ஓடியது. மூச்சும் வாங்கவில்லை, இருமலும் இல்லை.

"பாத்துக்கங்க" என்றேன். அவர் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்குள் மழை பிடித்துவிட்டது. நடவு வயல்களிலிருந்து வடிந்த தண்ணீரோடு ஆகாயத்தாமரையும் ஆற்றில் வர ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை அது புரொப்பெல்லரில் சுற்றியிருக்கும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். பார்த்தேன், சுற்றவில்லை. சரி என்று ஃபியூயல் பம்பைப் பிரித்து உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர் தட்டை மாற்றினேன். கார்புரேட்டர் ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். டிரம்மில் மாட்டினேன், தங்கமாக ஓடியது.

"நிக்கிறப்ப அந்த பல்பு சப்பிப் போயிருதுண்ணே" என்றார் கமால் பாய்.

"பழைய பல்பா இருக்கும். ஹோஸோட புதுசு வாங்கிப் போடுங்க."

புதிது வாங்கிப் போட்டார். மூன்றாம் தடவையும் வந்தார். அன்று பட்டறையில் இரண்டு படகுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பேசுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. மோட்டாரைக் கழற்றவே இல்லை.

"பாய், நீங்க இன்னும் லாரிலேயே இருக்கீங்க. இது ஸ்டியரிங் இல்ல, கைப்பிடி. எடுத்த எடுப்புல முறுக்கினா அது என்ன பண்ணும்? மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டத்தான் தெரியல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கமால் பாய் கையில் இருந்த கிரீஸைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "அப்படி முறுக்கலண்ணே. புது பல்பும் சப்பத்தான் செய்யுது. நீங்க ஒருதரம் படகுல வந்து பாருங்களேன்."

பல்பு, பல்பு என்று ஒருவர் மூன்று தடவை சொல்கிறார். எனக்குக் காதில் ஏறவில்லை. தெரியாதவர் சொல்வது தெரியாத விஷயமாகத்தான் இருக்கும் என்பது அன்றைக்கு என் முடிவு.

3. முகத்துவாரம் வரை

போனேன். போகும்போது என்னுடைய டேங்கை, என்னுடைய பெட்ரோலோடு எடுத்துக்கொண்டு போனேன். எவனுடைய பெட்ரோலையும் நான் நம்புவதில்லை. தண்ணீர் கலந்திருக்கும், மண்ணெண்ணெய் கலந்திருக்கும், ஆயில் அளவு தப்பியிருக்கும். படகுத்துறையில் கமால் பாய் தன் சிவப்பு டேங்கின் ஹோஸை எடுத்துச் சொருகப் போனார். "அத ஓரமா வைங்க" என்றேன். அது என் காலடியிலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

ஆற்றைத் தாண்டி, அலையாத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கும் வாய்க்கால் வழியாக லகூனுக்குள் போய், முகத்துவாரம் வரை போய்த் திரும்பினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல். கைப்பிடியை நானும் பிடித்தேன், அவரும் பிடித்தார். நூல் பிடித்த மாதிரி ஓடியது. சாதாரணமாகக் கஸ்டமருக்கு இதில் சந்தோஷம் வரவேண்டும். கமால் பாய்க்கு முகம் விழுந்துவிட்டது.

"உங்க முன்னாடி மட்டும் ஒழுங்கா இருக்குது" என்றார்.

"ஒண்ணு உங்க பெட்ரோல் சரியில்ல. இல்லாட்டி உங்க கை சரியில்ல. வேற எதுவும் இல்ல பாய்."

அவர் இருந்த பெட்ரோலை வடித்துவிட்டார். இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு பங்க்கில் போய்ப் புதிது பிடித்துவந்து அதே டேங்கில் ஊற்றினார். மூன்றாம் நாள் காலையில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மோட்டார் நின்றுவிட்டது. தண்ணீர் கடல் பக்கம் வற்றி இழுக்கிற நேரம். நங்கூரம் போட்டும் பிடிக்காமல் படகு வெளியே நகர்ந்திருக்கிறது. உதவிக்குப் போன ஆள் துண்டை வீசிக் கத்த, மடவை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு படகு வந்து கயிறு கட்டி இழுத்திருக்கிறது. துறையில் இருந்த எல்லோரும் பார்க்க, கட்டி இழுத்த படகில் உட்கார்ந்து வந்து இறங்கினார். எனக்குத் தகவல் டீக்கடையில் கிடைத்தது. கிளாஸைக் கீழே வைக்காமலே "நான்தான் சொன்னேனே" என்றேன்.

4. ஒரே வார்த்தை

மறுநாள் காலையில் போன் வந்தது.

"அண்ணே, நான் கமால் வூட்லேந்து பேசுறேன். நேத்து அவங்கள கட்டி இழுத்துட்டு வந்தது தெரியுமா?"

அவர் மனைவி. அதற்கு முன் நான் அவரிடம் பேசியதில்லை.

"கேள்விப்பட்டேம்மா."

"அவங்க வந்து ஏழு மாசம் ஆவுது. கல்யாணம் ஆனதுலேந்து சேர்ந்தாப்பல இவ்வளவு நாள் வூட்ல இருந்ததில்ல. ராவெல்லாம் அந்த மோட்டாரப் பத்தியே பொலம்புறாங்க. ஏஜெண்டு வேற டெய்லி போன் பண்றான். எனக்கு மெஷின் வெவரம் தெரியாதுண்ணே. மோட்டார் நல்லாருக்கா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

படகையும் மோட்டாரையும் டேங்கையும் அப்படியே விடச் சொல்லுங்கள், நான் இன்னொரு தடவை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அரை நாள் வேலை. அன்று எனக்கு அறுவடை மெஷின் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அதைவிட, நான் பார்த்துச் சரி என்று சொன்ன மோட்டாரை நானே மறுபடி பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"மோட்டார் நல்லாருக்கும்மா."

"அப்ப அவங்களுக்குத்தான் வரல."

நான் இல்லை என்று சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் இரண்டாவது வாரம் கமால் பாய் திருச்சியிலிருந்து விமானம் ஏறினார். இரண்டு வருட ஒப்பந்தம். போவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் வராததும் நல்லதுதான்.

5. ஓட்டத் தெரிந்தவன் கை

படகையும் மோட்டாரையும் சிங்காரவேலு வாங்கினான். பிறந்ததிலிருந்து லகூனில் கிடப்பவன், மூன்று படகு வைத்திருப்பவன். இரண்டு வாரம் கழித்துப் பட்டறைப் பக்கம் வந்தான். மோட்டார் எப்படி என்று கேட்டேன்.

"சூப்பரா ஓடுதுண்ணே. ஒரு தொந்தரவும் இல்ல."

எனக்கு வேறு என்ன வேண்டும்? அதே மோட்டார், அதே படகு, அதே லகூன், ஆள்தான் வேறு. கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் பட்டறைக்கு வந்த எல்லோரிடமும் இதைச் சொன்னேன். "மோட்டாரக் கொற சொல்லாதீங்க, ஓட்டத் தெரிஞ்சவன் கையில குடுத்தா ஓடும்" என்று ஆரம்பித்து, லாரி, ஸ்டியரிங், கட்டி இழுத்த படகு என்று கமால் பாயை வைத்து ஆளுக்குத் தகுந்த மாதிரி சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு படகுக்காரன் கமால் பாய் மாதிரியே கைப்பிடி பிடித்து நடித்துக்கூடக் காட்டினான். நான்தான் அதிகம் சிரித்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் ஆட்டோவில் கமால் பாயின் மனைவி வந்தார். சிவப்பு டேங்கையும் அதன் ஹோஸையும் ஆட்டோக்காரர் இறக்கி வைத்தார்.

"சிங்காரவேலு தன்கிட்டயே டேங்க் இருக்குன்னு இத வுட்டுட்டுப் போயிட்டாரு. வூடு பூரா பெட்ரோல் வாசம். நீங்களே வச்சுக்குங்கண்ணே."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பட்டறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

டேங்க் மூலையில் கிடந்தது. பத்து நாள் இருக்கும், என் பட்டறை டேங்கின் கனெக்டர் உடைந்துபோனது. டிரம்மில் ஒரு மோட்டார் மாட்டித் தயாராக இருந்தது. அவசரத்துக்குச் சிவப்பு டேங்கில் பெட்ரோல் ஊற்றி அதைச் சொருகினேன். நன்றாகப் பிடித்தது. நான் வேறு வேலை பார்க்கப் போனேன்.

பத்து நிமிடம் ஆனது. மோட்டார் மூச்சு வாங்கியது. முறுக்கினேன், சத்தம் ஏறாமல் இறங்கியது. நின்றுவிட்டது.

அந்த மோட்டார்க்காரனைத்தான் முதலில் திட்டினேன். கார்புரேட்டரைக் கழற்ற ஸ்பேனர் எடுத்துக்கொண்டு குனிந்தபோது ஹோஸைப் பார்த்தேன். பல்பு சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி தட்டையாகக் கிடந்தது. விரலால் அமுக்கினேன், மறுபடி உப்பவில்லை. டேங்கைப் பார்த்தேன். அதன் பக்கங்களும் உள்ளே ஒடுங்கியிருந்தன. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. டேங்கின் வயிறு டொக்கென்று வெளியே வந்தது. பல்பு உப்பியது.

டேங்க் மூடியின் நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஓட்டும்போது அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் அடியில் இருக்கும் ஊசிமுனை ஓட்டை வழியாக டேங்குக்குள் போகும். காற்று போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் மோட்டாரால் பெட்ரோலை உறிஞ்ச முடியாது. இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. ஸ்க்ரூவைத் தளர்த்த மறந்த எத்தனையோ பேரை நான் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். கமால் பாய் மறக்கவில்லை. ஸ்க்ரூ தளர்த்தித்தான் இருந்தது. ஓட்டைதான் அடைத்திருந்தது.

குண்டூசியால் குத்தினேன். மஞ்சள் தூளாக உதிர்ந்தது. மூடியின் மேல் லேசாகச் சிவப்பும் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் முகர்ந்து பார்த்தேன்.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் வைத்தேன் என்று சொன்னேன் இல்லையா. டேங்குக்கும் வைத்தேன். டேங்கில் பொட்டு வைக்க வாகான இடம் மூடிதான். கட்டை விரலால் அழுத்தி வைத்திருக்கிறேன். என் பட்டறை டேங்கின் மூடியில் எப்போதும் ஆயில் பிசுக்கு, அதில் வைத்த பொட்டு ஒட்டாமல் உதிர்ந்துவிட்டது. கடையில் விற்கிற சந்தனப் பொடியில் சந்தனத்தைத் தவிர எல்லாம் இருக்கும், காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகும்.

பிறகு எல்லாம் வரிசையாக விளங்கியது. டிரம்மில் ஓடியது, என் டேங்க். முகத்துவாரம் வரை ஓடியது, என் டேங்க். சிங்காரவேலுவிடம் ஓடுகிறது, அவன் டேங்க். பெட்ரோலைச் சோதிக்கிறேன் என்று போய்ப் பெட்ரோலையும் டேங்கையும் சேர்த்து மாற்றிவிட்டு, குற்றத்தைப் பெட்ரோல் மேலும் ஆள் மேலும் போட்டவன் நான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன்கூட இதைச் செய்ய மாட்டான். ஊரில் இருக்கிற முட்டாள்களையெல்லாம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவன் என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

6. வெள்ளிக்கிழமை

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன், ஒளிப்பானேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்று தெரியும். மத்தியானம் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கண்ணே, நல்லாருக்கீங்களா? மழை எப்படி, கதிரு சாஞ்சிருச்சா?"

நல்லபடியாகப் பேசினார். அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். டேங்க் மூடி, சந்தனம், என் கட்டை விரல், எல்லாம்.  

"மூடில சந்தனம் இருந்தது தெரியும்ண்ணே" என்றார். "மொதநாளே பாத்தேன். மோட்டார்ல இருந்ததெல்லாம் தண்ணி பட்டுப் போயிருச்சு. மூடில மட்டும் அப்படியே இருந்துச்சு. தொடச்சிடலாம்னு துணிகூட எடுத்தேன். நீங்க கும்புட்டு வச்சது. நாம ஏன் அழிக்கணும்னு வுட்டுட்டேன்."

நான் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

"அது அடைக்கும்னு எனக்கு எங்க தெரியும்" என்றார். பிறகு கேட்டார். "அப்ப எனக்கு ஓட்டத் தெரியும்லண்ணே?"

 "மன்னிச்சுக்குங்க பாய்" என்றேன்.

"அட வுடுங்கண்ணே. வூட்ல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது இன்னும் நான்தான் சரியா ஓட்டலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். மூடியைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி வாசலில் நின்றே கேட்டார். மூடியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. தப்பு என்னோடது. மோட்டார் நல்லாருக்குன்னு உங்ககிட்ட சொன்னது நெசம். அவருக்கு வரலன்னு நீங்க சொன்னப்ப நான் பேசாம இருந்தேன் பாருங்க, அதுதான் தப்பு."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"மத்தியானம் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டல. எனக்கு ஓட்டத் தெரியும்லன்னு கேட்டாரு."

"தெரியும்னு சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்திருக்கிறேன். மன்னிப்பு கேட்பதிலும் என் வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வாசலில் நின்றே அவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "பாய், உங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியும். எனக்குத்தான் பாக்கத் தெரியல." அவர் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

7. பாடம்

பாடம் என்ன என்று பாலிடெக்னிக்காரர் கேட்பார். சந்தேகம் வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மோட்டார் வந்தால் அதோடு டேங்கும் வர வேண்டும், இப்போது பட்டறை வாசலில் அப்படி எழுதி மாட்டியிருக்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை. பூஜையன்று பொட்டு வைக்கிறேன், மூடிகளில் வைப்பதில்லை. டீக்கடையில் கமால் பாயைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் அதே ஆட்களிடம் திருப்பிச் சொன்னேன். அதற்கு யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இன்னும் வெட்டிப் பேச்சுத்தான் பேசுகிறார்கள். கடைசி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன். மீதி இரண்டு பேர் யார் என்று முகத்தைப் பார்த்தால் தெரிவதில்லை.

கமால் பாயின் பதில் மறுநாள் காலையில் வந்தது. லாரிச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல்.

"கேட்டேண்ணே, சந்தோஷம். வூட்லேந்தும் பேசுனாங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். மூணு தடவை கேக்க வந்தேன். அந்த பல்பு ஏன் சப்பிப் போவுது?"

டேங்குக்குள்ளே காற்று போக வழியில்லை என்றால் பல்பு சப்பிப் போகும், உடனே மூடியைப் பார்க்க வேண்டும் என்று பதில் போட்டேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.